விழாத கல்

அன்றைக்கு எங்கள் நிலையத்து வாசலில் தொலைக்காட்சி வண்டிகள் வரிசை கட்டி நின்றன. பாதிப் பேர் லிங்கதுரையின் படத்தைப் போட்டு, பின்னால் சோக இசையை ஓடவிட்டிருந்தார்கள். மீதிப் பேர், கல்லாவது மண்ணாவது, எல்லாம் நிதி வாங்குவதற்காக விஞ்ஞானிகள் காட்டுகிற பூச்சாண்டி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கூட்டத்தையும் எனக்குப் பிடிக்கவில்லை. உயிரோடு இருக்கிறவனுக்கு எதற்கய்யா சோக இசை?

என் பெயர் மங்கையர்க்கரசி. திருச்செந்தூருக்குத் தெற்கே செம்மண் தேரி மணல்மேட்டுக்கு நடுவில் இருக்கிற விண்வெளி நிலையத்தில் குரல் அறை என் பொறுப்பு. மேலே வேலைக்குப் போயிருக்கிற பிள்ளைகளோடு கீழே இருந்து பேச வேண்டும். வாய் நீளம் என்று சொல்லித்தான் என்னை இந்த அறையில் போட்டார்கள். நான் விடாமல் பிடித்துக்கொண்ட விதி ஒன்றே ஒன்று. மேலே இருக்கிறவனிடம் பொய் சொல்லக் கூடாது. அவனுக்குப் பூமி என்றால் இந்த அறையிலிருந்து போகிற குரல்தான். அதிலும் கலப்படம் செய்தால் அப்புறம் என்ன இருக்கிறது?

கல் ஒன்றும் பெரியதில்லை. ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு இருக்கும். சூரியனைச் சுற்றிக்கொண்டு, அவ்வப்போது பூமிக்குப் பக்கத்தில் வந்துவிட்டுப் போகிற சின்னக் கல். அதன் வயிற்றில் பனிக்கட்டி இருக்கிறது. அடுத்த முறை போகிற எந்திரம் அதை நீராக்கி அங்கேயே எரிபொருளும் காற்றும் செய்யும்; இப்போதைக்குத் தோண்டிச் சேர்த்து வைப்பது மட்டும்தான் வேலை. எந்திரங்கள் தோண்டும். பார்த்துக்கொள்ள ஒரு ஆள் போதும். அந்த ஆள்தான் லிங்கதுரை. உடன்குடிக்காரன். கல்யாணமாகி ஒரு வருடம்கூட முடியாதபோது கிளம்பினான். கல் மறுபடி பூமியை நெருங்கும் நாளுக்குக் கொஞ்சம் முன்னால், தன் சின்னக் கலத்தில் ஏறி, எஞ்சினை லேசாகத் தட்டிவிட்டு, வங்காள விரிகுடாவில் வந்து இறங்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த நாள்தான் இந்த நாள். அவன் வீடு திரும்பியிருக்க வேண்டிய நாள்.

நான்கு மாதத்துக்கு முன்னால் எல்லாம் தலைகீழாகிப்போனது. கல்லின் பாதை கொஞ்சம் கொஞ்சமாகப் பூமியை நோக்கிச் சாய்கிறது என்று கணக்குச் சொன்னது. புதுச்சேரிக்கும் சென்னைக்கும் நடுவில் எங்கேயாவது வந்து இறங்கும். எங்கே என்று கடைசி வாரம் வரைக்கும் அடித்துச் சொல்ல முடியாது. அதற்குள் அத்தனை ஜனத்தைக் காலி செய்யவும் முடியாது. கல்லை இப்போதே தள்ளிவிட்டால் தப்பிக்கலாம். தள்ளுவதற்கு அங்கே இருக்கிற ஒரே எஞ்சின், லிங்கதுரை திரும்பி வருவதற்கு வைத்திருந்த கலத்தின் எஞ்சின். அதன் எரிபொருள் முழுவதையும் எரித்தால்தான் கல் அசையும்.

எங்கள் இயக்குநர் தாணுமாலயன் அவனிடம், "கட்டாயம் இல்லை தம்பி, உன் விருப்பம்" என்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஒரு பக்கம் சென்னைப் பட்டணம், இன்னொரு பக்கம் இவன் ஒருத்தன். இதற்குப் பேர் விருப்பமா? அப்போது குரல் போய்ச் சேர இரண்டு நிமிடம், திரும்பி வர இரண்டு நிமிடம். அந்த நான்கு நிமிடம் முடிந்ததும் அவன் பதில் வந்தது. "சரி சார். கனிகிட்ட நீங்க சொல்லாதீங்க. நானே சொல்லுதேன்." அவ்வளவுதான் பேசினான். மறுநாள் எஞ்சினைக் கல்லோடு சேர்த்துப் பூட்டி எரித்துவிட்டான்.

சாயங்காலம் கல் வருகிறது என்றால் மத்தியானமே சுயம்புக்கனி வந்துவிட்டாள். லிங்கதுரையின் பெண்டாட்டி. உடன்குடியில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். ஒல்லியாக, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய் இருந்தாள்.

"அக்கா, மொட்டை மாடியில நின்னாக் கண்ணுக்கே தெரியும்னு சொல்லுதாவளே. அவ்வளவு கிட்டயா வருது?"

"ஆமா. மங்கலா ஒரு நட்சத்திரம் கணக்கா நகரும்."

"அவ்வளவு கிட்ட வாரதுல்லா. ஒரு ராக்கெட்ட விட்டு ஆளத் தூக்கிட்டு வந்தா என்னவாம்?"

இதை அவள் இதற்கு முன்னாலும் கேட்டிருக்கிறாள். நானும் சொல்லியிருக்கிறேன். மறுபடியும் சொன்னேன். "கிட்ட வாரது வேற, நிக்கது வேற கனி. பைபாஸ்ல நிக்காமப் போற பஸ்ஸப் பாத்திருக்கல்லா? கைக்கு எட்டுற தூரத்துலதான் போகும். ஏற முடியுமா? அந்த வேகத்தத் தொரத்திப் பிடிக்க நம்மகிட்ட இப்பம் வண்டி இல்ல. செஞ்சு முடிக்க ரெண்டு வருசம் ஆகும்."

"அவியளுக்குக் காத்து எம்புட்டு நாளைக்கு இருக்கு?"

"மாசக் கடைசி வரைக்கும்."

அவள் தலையாட்டினாள்.  அழவில்லை. எனக்குத்தான் எழுந்து போய் முகம் கழுவ வேண்டியதாகிவிட்டது.

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் கல் தென்மேற்கில் எழும்பியது. கனிக்கு ஒரு ஹெட்போனை மாட்டிவிட்டு நான் இன்னொன்றை மாட்டிக்கொண்டேன். இத்தனை மாதமாக இருவரும் பேசியது பேச்சே இல்லை. இவள் ஒன்றைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பாள். பதில் வரும்போது என்ன கேட்டோம் என்பதே மறந்திருக்கும். அதற்கு முந்தின வாரம் அந்த இடைவெளி நொடிக் கணக்காகக் குறைந்தது. அன்றைக்கு ஒன்றுமே இல்லை. பக்கத்து அறையில் இருந்து பேசுவது போல வந்தது அவன் குரல்.

"ஏட்டி கனி."

"என்னங்க."

"உடனே கேக்குதே."

"ஆமா, உடனே கேக்கு."

 அப்புறம் அவன்தான் ஆரம்பித்தான்.

"என் பைக்க ஒன் தம்பி ஓட்டுதானாமே."

"யாரு சொன்னா?"

"எங்கம்மா சொன்னாவ. அவன் கிளட்ச்ச நாசம் பண்ணிருவான் தெரியும்லா?"

"நீங்க இல்லாம அது தூசி அடஞ்சுபோய்க் கெடக்கு, ஓட்டினா என்ன..."

"தூசி அடஞ்சாத் தொடச்சு வைக்கணும், அதுக்காவ..."

"நான் வேலைக்குப் போவனா, ஒங்க பைக்கத் தொடச்சிக்கிட்டு இருப்பனா?"

சண்டை போட்டார்கள். வேறு என்ன சொல்ல? ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கே விழுந்து, முடிக்க விடாமல், குரலை உயர்த்தி, பைக்குக்காகச் சண்டை போட்டார்கள். குறுக்கே பேச முடிந்ததே இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான். ரொம்ப நேரம் கழித்து அவன் சிரித்தான். இவளும் சிரித்தாள். அப்புறம் இவள் அழுதாள். "வந்துருங்களேன்" என்றாள். "ஏட்டி, வேற ஏதாவது பேசு" என்றான் அவன்.

அப்போதுதான் கிளாட்சன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். பாதைக் கணக்குப் போடுகிற பையன்களுக்குத் தலைவன் அவன். நாசரேத்துக்காரன். முகம் வெளுத்துப்போயிருந்தது. நான் ஹெட்போனைக் கழற்றாமலே என் மைக்கை மூடிவிட்டு, அவனை மூலைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"என்னல, விழப்போகுதா?"

"இல்லக்கா. நாம நெனச்சத விட ரொம்பத் தள்ளிப் போகுது. இப்பம் ரேடார்ல பக்கத்துல பாக்கோம்லா, அதுல தெரிஞ்சு போச்சு." அவன் கையிலிருந்த தாளைக் காட்டினான். "வெயில்ல சூடான கல்லு அந்தச் சூட்ட வெளிய விடும்போது துளித் துளியா நகரும். அதனாலதான் பாதை சாயிதுன்னு நெனச்சுக் கணக்குப் போட்டோம். எஞ்சின எரிச்ச நாள்ல தோண்டுறத நிறுத்தினோம்லா, அதோட சாயுறதும் நின்னுருக்கு. வெயில் தள்ளவே இல்லக்கா. நாமதான் தள்ளியிருக்கோம்."

"புரியும்படியாச் சொல்லு."

"தோண்டும்போது வீணாப் போற ஆவிய வெளிய விட ஒரு வால்வு இருக்குல்லா. இங்க தெனமும் காலையில பூசை முடிஞ்சு, பிள்ளையாருக்குச் சூடம் காட்டினப்புறந்தான தொறக்கச் சொல்லுவோம்? அந்தக் கல்லும் ஒரு நாளைக்கு ஒரு சுத்துதான் சுத்துது. அப்பம் தெனமும் ஒரே பக்கமாத்தான ஆவி பீய்ச்சியிருக்கு. ஒரு பக்கமாவே தள்ளிக்கிட்டு இருந்துருக்கு."

 எங்கள் நிலையத்தில் இது எழுதி வைக்காத வழக்கம். சூடம் காட்டாமல் எந்த வால்வையும் திறக்க மாட்டோம். சர்ச்சுக்குப் போகிற கிளாட்சனே வந்து நின்று திருநீறு பூசிக்கொள்வான். யாருக்கும் அதில் ஒரு குறையும் தெரிந்ததில்லை. காலை நேரத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

"அப்பம் அவன் வேலைய முடிச்சுத் தோண்டுறத நிறுத்தியிருந்தா?"

"தள்ளுறதும் நின்னுருக்கும். கல்லு அதுபாட்டுக்கு வெலகிப் போயிருக்கும். அவன் எஞ்சின எரிச்சுருக்கவே வேண்டாம்க்கா."

அதைச் சொல்லிவிட்டு வெளியே ஓடினான். வராந்தாவில் அவன் விம்முவது கேட்டது. நான் திரும்பி வந்து மைக்கைத் திறந்தேன்.

"அக்கா," என்றான் லிங்கதுரை. "இருக்கீங்களா? கணக்கெல்லாம் சரியா வந்துட்டா?"

என் வாய் நீளம் அன்றைக்கு எங்கே போனதோ தெரியவில்லை. "கல்லு வெலகிப் போகுதுப்பா" என்றேன். அது பொய் இல்லை. அவன் கேட்டதற்குப் பதிலும் இல்லை.

"அப்ப சரி" என்றான்.

கல் வடகிழக்கில் இறங்கியது. பேச்சுக்கு நடுவே மறுபடியும் இடைவெளி விழ ஆரம்பித்தது. முதலில் ஒரு மூச்சு விடுகிற நேரம். அப்புறம் இரண்டு மூச்சு. கனி குறுக்கே பேசுவதை நிறுத்திவிட்டாள். அவன் முடிக்கும் வரை பழையபடி காத்திருக்கப் பழகிக்கொண்டாள்.

ஹெட்போனைக் கழற்றியதும் கேட்டாள். "கிளாட்சன் அண்ணன் என்னத்துக்கு அழுதாவ? கல்லுதான் போயிட்டுல்லா."

நான் ஏதாவது சமாளித்திருக்கலாம். எனக்குச் சமாளிக்க வராது. உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பூசை, வால்வு, கல்லின் சுற்று எல்லாவற்றையும். அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கேட்டாள்.

"அப்பம் எஞ்சின எரிக்காம இருந்திருந்தா, இன்னைக்கி வந்து எறங்கியிருப்பாவ."

"ஆமா கனி."

"யாருக்கும் ஒண்ணும் ஆயிருக்காது."

"ஆயிருக்காது."

அப்புறம் அவள் அழுத அழுகையை நான் எழுதப் போவதில்லை. நானும் அழுதேன். பிள்ளையாரை, கிளாட்சனை, இயக்குநரை, என்னை, எல்லாரையும் வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஏசினால் ஆறுகிற வயிறா அது?

இரவு சாப்பாட்டுக்கு முன்னால் இயக்குநர் எங்களைக் கூப்பிட்டார். கிளாட்சனும் இருந்தான். இயக்குநருக்கு இதை வெளியே சொல்ல மனமில்லை. "இப்ப இதைச் சொல்லி யாருக்கு என்ன லாபம்?" என்றார். "அந்தப் பையனாவது நிம்மதியாப் போகட்டும். ஜனங்க தியாகின்னு கும்பிடுறாங்க. அது அப்படியே இருக்கட்டும்."

"சார், இன்னும் ரெண்டு கல்லுல நம்ம பிள்ளைவ இருக்காவ," என்றான் கிளாட்சன். "அங்கயும் காலையிலதான் வால்வு தொறக்கோம். அந்தக் கல்லுவளும் நாளைக்கு ஒரு சுத்துதான் சுத்துது. சொல்லலைன்னா இதே தப்பு திரும்பவும் நடக்கும். நாம மட்டும் இல்ல, கல்லு தோண்டுற எல்லா நாட்டுக்காரனுக்கும் தெரியணும்."

"அவங்களுக்கு மட்டும் ரகசியமாச் சொல்லுவோம்."

"ரகசியமாச் சொன்னா எவன் நம்புவான்? கணக்க வெளிய போடணும் சார்."

இரண்டு பேரும் கனியைப் பார்த்தார்கள். பாவம், அவளிடம் போய் இதைக் கேட்கலாமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"சொல்லுங்க. அந்தப் பிள்ளைவளுக்கும் வீட்டுல ஆளு இருக்கும்லா. ஊரு ஒலகத்துக்கே சொல்லுங்க. எங்க வீட்டுக்காரவியளுக்கு மட்டும் தெரிய வேண்டாம். மாசக் கடைசி வரைக்குந்தான. தெரியாமப் போயிட்டு வரட்டும்."

போயிட்டு வரட்டும் என்று பழக்கத்தில் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மறுநாள் கணக்கை வெளியிட்டோம். கூடவே ஒரு வேண்டுகோளும் வைத்தோம். வீட்டு மாடியில் தட்டு ஆன்டெனா வைத்து விண்வெளிக்குப் பேசுகிற ஆர்வலர்கள் ஊர் ஊருக்கு இருக்கிறார்கள். அவன் எல்லாருக்கும் காது கொடுப்பவன். பேசுங்கள், ஆனால் இதை மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டோம். எனக்கு நம்பிக்கை இல்லை. நம் ஜனத்திடம் ஒரு ரகசியத்தைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் டீக்கடைக்கு வந்துவிடும். எவனாவது ஒரு வயிற்றெரிச்சல்காரன் போதும்.

ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. என் வயதுக்கு இந்த ஊர் வாயை மூடிக்கொண்டு இருந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பூச்சாண்டி என்று பேசிய தொலைக்காட்சிக்காரன்கூட எங்களிடம் வந்து, தானும் ஒரு வார்த்தை பேசலாமா என்று கேட்டு, தழுதழுத்த குரலில் நன்றி சொல்லிவிட்டுப் போனான். சென்னைக் காசிமேட்டிலிருந்து ஒரு மீன்கார அம்மா பேசினாள். "தம்பி, எங்க ஊடு, எங்க போட்டு எல்லாம் அப்டியே கீதுப்பா. உன்னாலதான். நல்லாருப்பே." அந்த அம்மாவுக்கு உண்மை தெரியும். கணக்கு வெளிவந்த பேப்பரில் மீனைச் சுற்றிக் கொடுத்துவிட்டு வந்துதான் பேசியிருப்பாள்.

தினமும் சாயங்காலம் கனி வேலை முடிந்து நேராக நிலையத்துக்கு வருவாள். அன்றைய செய்தியை அவனுக்கு வாசிப்பாள். எல்லாம் அவளே கட்டியது. சென்னையில் ஒரு தெருவுக்கு அவன் பெயரை வைத்துவிட்டார்கள் என்றாள். இடைவெளி இப்போது அரை நிமிடத்தைத் தாண்டியிருந்தது. காத்திருந்தோம். "தெருவுக்கு என் பேரா? வேண்டாம்ட்டி, கொழாயடிச் சண்டையில நம்ம பேரு நாறிரும்" என்று வந்தது பதில். அவள் சிரித்துக்கொண்டே அடுத்த செய்திக்குப் போனாள். பொய் சொல்லக் கூடாது என்கிற என் விதியை நான் அதற்கு முன்பே மடித்து ஓரமாக வைத்துவிட்டேன். அவளுக்கு எழுதக் கை ஓடாத நாட்களில் நானே இரண்டு செய்தி கட்டிக் கொடுத்தேன்.

மாதக் கடைசி வந்தது. அவன் குரல் தளர்ந்துவிட்டது. இரண்டு சொல்லுக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினான். அன்றைக்குக் கனி கொஞ்சம் சீக்கிரமே வந்துவிட்டாள். வாசிக்க உட்காருவதற்கு முன்பே அவன் பேச்சு வந்தது. முன்கூட்டியே பேசி அனுப்பியிருக்கிறான்.

"மங்கையக்கா. கனி வாரதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும்." மூச்சு வாங்கினான். "மத்த ரெண்டு கல்லுலயும் பிள்ளைவ இருக்காவல்லா. அங்க வால்வு எப்பம் தொறக்கச் சொல்லுதீங்க? இப்பமும் காலையில பூசை முடிஞ்சுதானா? அத மாத்திருங்கக்கா. ஒரு நாள் காலையில, ஒரு நாள் சாயங்காலம்னு மாத்தி மாத்தித் தொறங்க. சாமி ஒண்ணும் கோவிச்சுக்கிடாது. நான் இங்க கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். போட நெறைய நேரம் இருந்துச்சு. கனிக்குத் தெரிய வேண்டாம். அவ பாவம், சந்தோசமா வாசிக்கா."

நான் கனியைப் பார்த்தேன். அவள் என் பக்கத்தில், காதில் ஹெட்போனோடு நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

காசிமேட்டு அம்மா பேசியபோது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் நன்றி சொன்னபோது, தெருவுக்குப் பெயர் வைத்ததாகக் கேட்டபோது, எல்லா நேரத்திலும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.  மைக்கை நான் எடுக்கவில்லை. கனிதான் எடுத்தாள்.

"மாத்தியாச்சுங்க," என்றாள். "அன்னைக்கே மாத்தியாச்சு. ரெண்டு பிள்ளைவளும் நல்லா இருக்காவ. நீங்க கவலப்படாதிய."

அவள் குரல் போய்ச் சேர வேண்டும். அவனுடையது திரும்பி வர வேண்டும். இருவரும் மேசையைப் பார்த்தபடி நின்றோம். வராமலே போய்விடுமோ என்று பயந்தேன்.

வந்தது. "மாத்தியாச்சா. அப்ப சரி." கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும். "சரி கனி. இன்னைக்கிச் சேதி என்ன? வாசி."

கனி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சென்னையில் இன்றைக்கு என்னவெல்லாம் நடந்தது என்று வாசிக்க ஆரம்பித்தாள்.